நார்த் பிரதர் தீவு: சில குறிப்புகள்

1907 மார்ச். நியூயார்க் பார்க் அவென்யூவில் ஒரு பணக்கார வீட்டின் சமையலறை. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் உள்ளே போய், அங்கே சமைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், உன் கையால்தான் டைபாய்டு பரவுகிறது, சோதிப்பதற்கு மலமும் சிறுநீரும் ரத்தமும் வேண்டும் என்றார். இறைச்சியை அறுக்கும்போது அழுத்திப் பிடிக்கிற நீண்ட முள்கரண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் பாய்ந்தார். சோப்பர் தெருவுக்கு ஓடித் தப்பினார்.

அந்தப் பெண் மேரி மெல்லன். அயர்லாந்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர். வீட்டு வேலைகளிலேயே நல்ல சம்பளம் கிடைக்கிற வேலை சமையல்தான். அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தார். தனக்கு ஒருநாளும் டைபாய்டு வந்ததில்லை என்று கடைசிவரை சொன்னார். திடகாத்திரமாக இருக்கிற ஒருவரிடம், நீ நடமாடுவதே ஆபத்து என்று ஒரு அந்நியர் வந்து சொன்னால் அவர் என்ன செய்வார்? நோயே இல்லாதவர் கிருமியைச் சுமக்க முடியும் என்பது அன்றைய டாக்டர்களுக்கே புதுச் செய்தி.

சோப்பர் சொன்னது சரி. முந்தைய கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு வங்கிக்காரர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் 11 பேரில் 6 பேர் டைபாய்டில் படுத்தார்கள். குடிதண்ணீரைப் பார்த்தார், கடல் சிப்பியைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. நோய் தொடங்குவதற்குச் சற்று முன் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொல்லாமல் போய்விட்ட சமையல்காரியின் பழைய வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். பெரும்பாலான வீடுகளில் இதே கதை. அடுப்பில் கொதிக்கிற பண்டத்தில் கிருமி சாகும். மேரி செய்த ஐஸ்கிரீமிலோ பச்சையாக நறுக்கிய பீச் பழம் இருந்தது.

கடைசியில் போலீஸோடு ஜோசபின் பேக்கர் என்ற பெண் மருத்துவரை அனுப்பினார்கள். மேரி மணிக்கணக்கில் ஒளிந்திருந்தார். ஓர் அலமாரிக் கதவிடுக்கில் துணி நுனி தெரிந்ததை வைத்துக் கண்டுபிடித்துத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸில் வழி முழுக்க பேக்கர் அவர்மேல் உட்கார்ந்தே வந்தார். கிழக்கு ஆற்றிலுள்ள நார்த் பிரதர் தீவில் ஒரு சிறிய வீட்டில் மேரியை வைத்தார்கள்.

நீதிமன்றம் இல்லை, விசாரணை இல்லை, எத்தனை நாள் என்ற கணக்கும் இல்லை.

*

பிறருக்குத் தீங்கு நேரும் என்றால் ஒருவரின் சுதந்திரத்தில் அரசு கைவைக்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மேரிதான் நினைவுக்கு வருகிறார். மேரி கெட்டவர் இல்லை. யாரையும் கெடுக்க நினைத்தவரும் இல்லை. ஆனாலும் அவர் சமைத்ததைச் சாப்பிட்டு மூன்று பேராவது செத்தார்கள், 50 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். தன் தட்டில் என்ன விழுகிறது என்று தெரியாமல் சாப்பிட்டவர்கள் அவர்கள். தடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தடுப்பவர், தடுக்கப்பட்டவருக்கு என்ன கடன்படுகிறார்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

*

சுதந்திரத்தைப் பற்றி ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய நூல் 1859இல் வந்தது. ஒருவரின் சொந்த நன்மைக்கு என்று சொல்லி அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது, மற்றவருக்கு நேரும் தீங்கைத் தடுக்க மட்டும்தான் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். இன்றும் எல்லா விவாதமும் அங்கேதான் தொடங்குகிறது.

மில் 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்து 35 வருடம் அங்கேயே உத்தியோகம் பார்த்தவர். நம் நாட்டு நிர்வாகத்துக்கான கடிதங்களை வரைவு செய்தவர். அதே நூலில், இன்னும் முதிராத சமூகங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது, அவர்களைத் திருத்துவதற்கு எதேச்சாதிகார ஆட்சி சரிதான் என்றும் எழுதிவைத்தார். மனதில் இருந்தது நாம்தான். அந்த வாசகத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொள்கை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், யாரெல்லாம் அதற்குள் வருகிறார்கள் என்ற பட்டியலை ஒருவர் தனியாகக் கையில் வைத்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்ல வேண்டும். படைவீரர்களுக்குப் பால்வினை நோய் வராமலிருக்க, சந்தேகப்பட்ட பெண்களைப் பிடித்துக் கட்டாயச் சோதனை செய்ய பிரிட்டனில் 1864 முதல் சட்டங்கள் வந்தன. 1871இல் விசாரணைக் குழுவின் முன் மில் அவற்றை எதிர்த்துச் சாட்சி சொன்னார். நோயைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் பிடிக்கிறீர்களே என்றார். தீங்கு உண்மை, சுமை மட்டும் தப்பான தோளில்.

*

தொற்றுநோய்ச் சட்டம், 1897. பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாகப் போட்டது. மொத்தமே நான்கு பிரிவுகள். அரசு தேவையென்று நினைக்கிற எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம் என்கிறது ஒன்று. நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லப்படுகிற எதற்காகவும் யார்மேலும் வழக்குப் போட முடியாது என்கிறது நான்காவது. வீட்டை இழந்தவருக்கு, பிழைப்பை இழந்தவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு பிரிவும் இல்லை.

புனேயில் பிளேக் அதிகாரியாக இருந்த டபிள்யூ.சி. ராண்ட் வீடுகளைச் சோதிக்கப் பட்டாளத்தை இறக்கினார். பூஜையறை வரை பூட்ஸ் காலோடு போனார்கள் என்றும், பெண்களைப் பலர் பார்க்கச் சோதித்தார்கள் என்றும் ஊர் கொதித்தது. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்பும்போது சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். பிளேக் பொய்யில்லை, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். காப்பாற்ற வந்த கை என்று ஒருவருக்கும் தோன்றாதபடி அந்தக் கை நடந்துகொண்டது.

123 வருடம் கழித்து, 2020இல் கொரோனாவுக்கும் அதே சட்டத்தைத்தான் கையில் எடுத்தோம்.

*

புகை. இதில்தான் தீங்கு என்பதன் எல்லைக்கோடு எப்படி நகர்கிறது என்று நன்றாகப் பார்க்க முடியும்.

நான் சிறுவயதில் போன டவுன் பஸ்களில் 'புகை பிடிக்காதீர்' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். வண்டி நின்றால் கண்டக்டரும் ஒன்றைப் பற்றவைப்பார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருவர் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி வந்தது கண்ணிலேயே இருக்கிறது. இறங்கி வேறு பஸ் பிடிக்கலாமே என்று அவரிடம் சொல்ல முடியாது. அடுத்த பஸ் எப்போது வருமோ. யாரும் பீடிக்காரரை அதட்டவும் இல்லை. பிடிப்பது அவர் இஷ்டம், கெடுவது அவர் நெஞ்சு என்ற எண்ணம்.

1981இல் ஜப்பானில் தகேஷி ஹிராயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். புகைக்காத மனைவிமார் 91,540 பேரை 14 வருடம் தொடர்ந்து பார்த்து எழுதியது. கணவன் அதிகம் புகைப்பவனாக இருந்தால், புகையையே தொடாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிகரெட் கம்பெனிகள் அந்த ஆய்வை மூர்க்கமாக எதிர்த்தன. எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? 'என் உடம்பு, என் இஷ்டம்' என்ற வாதத்தின் அடியையே அது வெட்டியது.

இந்தியாவில் பொது இடத்தில் புகைப்பதை 1999இல் கேரள உயர்நீதிமன்றம் தடுத்தது. 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சொன்னது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாயின, 200 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு ஒரு பஸ்ஸில் யாராவது பீடி பற்றவைத்தால் பஸ்ஸே அதட்டும். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஹிராயாமா எண்ணியது பஸ் பயணிகளை இல்லை. மனைவிமாரை. வீட்டுக்குள், மூடிய அறையில், வருடக்கணக்காக அந்தக் காற்றை இழுத்தவர்களை. அவர்கள் பட்ட தீங்கை ஆதாரமாகக் காட்டி வந்த தடை, ரயில் நிலையத்தையும் ஓட்டலையும் சினிமாக் கொட்டகையையும் சுத்தம் செய்துவிட்டு வீட்டு வாசலில் நின்றுவிட்டது. வீட்டுக்குள் போலீஸ் வர வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ராண்டின் பட்டாளம் நினைவிருக்கிறது. தீங்கு மிக அதிகமாக இருக்கிற இடமும் அரசு நுழையக் கூடாத இடமும் ஒன்றாக இருப்பது உண்டு. சட்டம் நிற்கிற அந்த வாசலுக்கு உள்ளே அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று நாம்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

*

ஹெல்மெட் பற்றி நண்பர்களோடு நடக்கிற சண்டை ஓய்வதில்லை. தலை உடைந்தால் என் தலைதானே என்கிறார்கள். உன்னை நம்பி ஐந்து ஜீவன் இருக்கிறதே என்பது பதில். இந்தப் பதிலை நீட்டினால் மனிதர் செய்கிற எதையும் தடுக்கலாம் என்பதால் அதைக் கொஞ்சம் பயத்தோடுதான் சொல்கிறேன். ஹெல்மெட் போடச் சொல்வது சரி; அதற்கு 'பிறருக்குத் தீங்கு' என்ற காரணத்தை இழுக்க வேண்டாம். உன் உயிர்மேல் எங்களுக்கு அக்கறை, சிறிய தொந்தரவு, பெரிய பலன் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

*

பேச்சு எப்போது தீங்காகிறது என்பதற்கு மில் சொல்லும் தானிய வியாபாரி உதாரணம் இது: தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறவர்கள் என்று பத்திரிகையில் எழுதலாம், யாரும் தடுக்கக் கூடாது. அதையே, வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கிற கும்பலிடம் பேசினால் தண்டிக்கலாம்.

நம்மூரில் இதைத் தெளிவாகப் பேசிய தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்தால் வந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே'. இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். எனக்கு அந்தப் படத்தின் கருத்தோடு உடன்பாடு கிடையாது. சென்னை உயர்நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப்போல நெருக்கமாக இருக்க வேண்டும் என்றது. கலவரம் வரும் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காக அரசு படத்தை நிறுத்தக் கூடாது, படம் காட்டுகிறவரைக் காப்பதுதான் அரசின் வேலை என்றது.

இந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருடமாகியும், ஒரு நாவலோ ஒரு படமோ யார் மனதையாவது புண்படுத்தினால் முதலில் தாசில்தார் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ வரச்சொல்லிக் கூப்பிடுவது எழுதியவரைத்தான். கல்லெறிவேன் என்றவர் வீட்டில் இருப்பார். மனம் புண்படுவது பெரிய வேதனைதான், நானும் பட்டிருக்கிறேன். புத்தகத்தை மூடி வைக்கலாம், படத்துக்குப் போகாமல் இருக்கலாம். பஸ்ஸில் முந்தானையை மூக்கில் அழுத்திய பெண்ணுக்கு அந்த வழி இருக்கவில்லை.

நள்ளிரவு ஒலிபெருக்கியிலிருந்து தப்பவும் அந்த வழி இல்லை. காதுக்கு இமை கிடையாது. இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்ற விதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், மற்றவர் நிம்மதியைக் கெடுத்துப் பெருக்கியில் வழிபடச் சொல்லி எந்த மதமும் கேட்கவில்லை என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆடி மாதத்தில் எங்கள் தெருவுக்கு இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எல்லாக் கோயிலுக்கும் மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் கட்சி மேடைக்கும் ஒரே அளவில் அதை நடத்திக்காட்டினால் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஒருவருக்கு மட்டும் போலீஸ் போனால் யார் ஏற்பார்கள்?

*

ஹென்னிங் ஜேக்கப்சன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பாதிரியார். பெரியம்மை பரவிய சமயத்தில் ஊசி போட மறுத்தார். 5 டாலர் அபராதம். 1905இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: ஊரையே நோய் தாக்கும்போது தனிமனிதன் தன் இஷ்டத்தை மட்டும் பார்க்க முடியாது. சரியான தீர்ப்பு. யாரும் அவர் கையைப் பிடித்து ஊசியைக் குத்தவில்லை, அபராதத்தோடு நின்றார்கள்.

1927. அதே நீதிமன்றம், பக் எதிர் பெல் வழக்கு. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணைப் 'புத்தி குறைந்தவள்' என்று முத்திரை குத்தி, இவளுக்குப் பிறப்பவை சமூகத்துக்குச் சுமையாகும், கருத்தடை செய்ய வேண்டும் என்றது அரசு. வளர்ப்பு வீட்டில் அந்தக் குடும்பத்தின் உறவினன் பலாத்காரம் செய்ததால் கர்ப்பமானவர் அவர். குடும்ப மானத்துக்காக விடுதிக்குள் தள்ளப்பட்டவர். நீதிபதி ஹோம்ஸ் கருத்தடைக்கு அனுமதி கொடுத்தார். முன்னுதாரணமாக அவர் காட்டிய ஒரே தீர்ப்பு ஜேக்கப்சன் வழக்கு. அம்மை ஊசியைக் கட்டாயமாக்கலாம் என்றால் கருக்குழாயையும் வெட்டலாம் என்று போனது வாதம். 9 நீதிபதிகளில் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. கேரிக்குப் பிறந்த மகள் பள்ளியில் நன்றாகப் படிக்கிறவர்கள் பட்டியலில் இருந்தாள். எட்டு வயதில் நோய் வந்து இறந்துபோனாள்.

ஐந்து டாலர் அபராதத்திலிருந்து அறுவைக் கத்திக்கு 22 வருடம். இடையில் 'தீங்கு' என்பது ஒரு கிருமியிலிருந்து ஒரு மனுஷியாகவே மாறிவிட்டது. நெருக்கடிநிலைக் காலத்தில் வட இந்தியக் கிராமங்களில் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்தபோதும் நாட்டு நலன் என்றுதான் சொன்னார்கள். ஒருவர் செய்கிற காரியத்தைத் தடுக்கலாம். அவர் இருப்பதே தீங்கு என்று ஒரு அரசாணை பேசத் தொடங்கினால் அங்கேயே அதை நிறுத்த வேண்டும்.

2022 மே மாதம் ஜேக்கப் புலியேல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது: ஊசி போட்டே ஆக வேண்டும் என்று யார் உடம்பையும் வற்புறுத்த முடியாது, பொதுநலனுக்காகப் போடாதவர்மேல் கட்டுப்பாடு வைக்கலாம், ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஆபத்தின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். போடாதவர்கள் போட்டவர்களைவிட அதிகமாகப் பரப்புகிறார்கள் என்பதற்கு அரசு தரவு காட்டாததால், அப்போது இருந்த கட்டுப்பாடுகள் பொருத்தமற்றவை என்றது. நிரூபிக்கும் பொறுப்பை அது வைத்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது.

*

2020. எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் வீட்டில் ஒருவருக்குக் கொரோனா. வாசலில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். மறுநாள் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஆணி அடிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தகரத்தின் மேல்விளிம்பு வழியாகப் பால் பாக்கெட்டை எட்டிக் கொடுக்க வேண்டும். கூர்மையான விளிம்பில் அவர் மனைவியின் முழங்கை கிழிந்தது. மாடி வீட்டிலும் தொற்று வந்தது; அவர்கள் வீட்டு வாசலில் தாள் மட்டும்தான், தகரம் இல்லை. தள்ளுவண்டி மூலையில் நின்றது. கரிப்பெட்டி ஆறிக் கிடந்தது. தொற்று நின்ற பிறகும் பல வாரம் யாரும் அவரிடம் துணி போடவில்லை.

அவர் ஒருநாளும் தனிமைப்படுத்தியதைக் குறை சொல்லவில்லை. "ஊருக்கு வராம இருந்தா சரிதான் சார்" என்றார். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மட்டும் ஒருவரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார்.

அந்த வருடம் டிசம்பரில், உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாட்டையே மூடியபோது, தொழிலாளருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று மத்திய அரசு மார்ச்சில் முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. மே மாதத்தோடு அந்த உத்தரவும் போயிற்று. மூடச் சொன்னது அரசு, கொடுக்கச் சொன்னது பிறரை. முதலாளியே இல்லாத இஸ்திரி வண்டிக்கு அந்த உத்தரவால் ஆகப்போவது என்ன?

*

மீண்டும் மேரி. 1909இல் நீதிமன்றம் போனார், தோற்றார். 1910இல் புதிய சுகாதார ஆணையர், இனிமேல் சமைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுவித்தார். துணி துவைக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் சமையலைவிட மிகக் குறைவு. சில வருடத்தில் அவர் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்குப் போனார். 1915இல் நியூயார்க்கின் ஒரு பெண்கள் மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு, இருவர் சாவு. சமையல்காரி பெயர் மேரி பிரவுன்.

இந்த முறை யாரும் இரக்கப்படவில்லை. 1938இல் சாகும்வரை அதே தீவு. அதற்குள் நகரத்தில் நூற்றுக்கணக்கான கிருமி சுமப்பவர்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களில் எவரையும் மேரியைப்போல வாழ்நாள் முழுக்க அடைத்துவைக்கவில்லை. மேரி தனியாள், அயர்லாந்துக்காரி, வேலைக்காரி, வாயாடி.

1915இல் அவர் செய்தது தப்பு. தெரிந்தே செய்தார், பிரசவத்துக்கு வந்த பெண்கள் இருந்த இடத்தில் செய்தார். அதை மன்னிக்க என்னால் முடியவில்லை. ஆனால் 1910க்கும் 1915க்கும் நடுவில் அவருடைய பழைய சம்பளத்துக்கும் புதிய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நகரம் மாதாமாதம் கொடுத்திருந்தால்? தீவில் ஒரு வீடு, காவல், உணவு, மருத்துவர்கள் என்று 23 வருடம் செலவழித்ததைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும்.

*

ஜெர்மனியில் 2001இல் அமலுக்கு வந்த தொற்றுநோய்ச் சட்டத்தின் 56ஆவது பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. தனக்கு நோய் இல்லாமல் கிருமியை மட்டும் சுமக்கிறவர் என்பதற்காக ஒருவரை வேலை செய்யக் கூடாது என்று தடுத்தால், அவர் இழந்த சம்பளத்தை அரசு ஈடுகட்ட வேண்டும் என்கிறது. முதல் ஆறு வாரத்துக்கு இழப்பு முழுவதும். மேரிக்காகவே எழுதியதுபோல இருக்கிறது.

நம்மூர் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உணவகத்தில் வேலை பார்ப்பவர்கள் வருடம் ஒருமுறை மருத்துவச் சோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றைச் சுமப்பவர் என்று தெரிந்தால் உணவைத் தொடக் கூடாது. நல்ல விதி. சோதனையில் மாட்டுகிற பரோட்டா மாஸ்டர் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வார் என்று அந்த விதியில் ஒரு வரி இல்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பக்கத்து ஊருக்குப் போய், சான்றிதழ் கேட்காத கடையில் மாவு பிசைவார். 1897 சட்டத்தை மாற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. எழுதும்போது ஜெர்மனியின் அந்த ஒரு பிரிவை அப்படியே எடுத்து, சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் சேரும்படி மாற்றிப் போடட்டும். தள்ளுவண்டிக்காரருக்கு நாள் கூலிக் கணக்கு. தடை உத்தரவு கொடுக்கிற அதே நாளில், அதே தாளில்.